செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கிண்டி சிறுவர் பூங்காவில் குடும்ப உலா

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உலாக்களை நடத்தித் தரும் தன்னார்வலர்களே, குழந்தைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே, தாத்தா பாட்டிகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கு தணிக்கைச் சான்றோடு தனித்தாளாக உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பொருளாளர் விளக்குவார். இந்த அறிக்கை முழுவதையும் உலாக்களுக்கே ஒதுக்குகிறேன்.

புதிதாகச் சேர்ந்த குடும்பங்களுக்காக இடத்தைப் பற்றி ஒரு பத்தி. ஆளுநர் மாளிகை வளாகமாக இருந்த காட்டிலிருந்து 1958-இல் ஒரு பகுதி ஐ.ஐ.டி. அமைக்கத் தரப்பட்டது. அதே காலத்தில் மான் பூங்காவுக்கும் சிறுவர் பூங்காவுக்கும் வனத்துறையிடம் இடம் ஒப்படைக்கப்பட்டது. எஞ்சிய காடு 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. அதன் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர்தான். சிறுவர் பூங்கா அதன் ஓரத்தில், சர்தார் பட்டேல் சாலையில் இருக்கிறது. புதுப்பிக்கும் பணி முடிந்து 2024 ஆகஸ்டில் மீண்டும் திறந்தார்கள். நம் உலாக்கள் அதன்பிறகே சூடுபிடித்தன. பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

சிறிய பூங்கா என்பதுதான் இங்கே பெரிய வசதி. வண்டலூர் உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர். அங்கே பாதி வழியில் பிள்ளையின் கால் ஓய்ந்துவிடும், அப்பாவின் தோளில் ஏறித் தூங்கிவிடும். கிண்டியில் நான்கு வயதுக் குழந்தை தன் காலால் நடந்து, தன் கண்ணால் பார்த்து, அழாமல் திரும்பலாம். ஆனால் இடம் சிறியது என்பதாலேயே அரை மணியில் 'எல்லாம் பார்த்தாச்சு' என்று வெளியே வந்துவிடும் குடும்பங்கள்தான் அதிகம். இந்த ஆண்டு நம் முயற்சி எல்லாம் அந்த ஓட்டத்தை நிறுத்துவதில்தான் இருந்தது.

ஐந்து நிறுத்தம்

ஓர் உலாவுக்கு ஐந்து இடம். அதற்கு மேல் வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்தது. ஓர் இடத்துக்குப் பத்து நிமிடம். தடுப்புக் கம்பியின் முன் ஒரே வரிசையில் சுமார் 12 குழந்தைகள் நிற்கலாம். அதைத் தாண்டினால் பின்வரிசை உருவாகும், பின்வரிசை வந்தால் தள்ளுமுள்ளு வரும், தள்ளுமுள்ளு வந்தால் விலங்கு அடைப்பின் பின்பக்கம் போய்விடும். எனவே குழுவுக்கு 12 குழந்தைகளே வரம்பு. ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் இருந்தால் நான்கு பிள்ளைக்கு ஒரு பெரியவர்.

பத்து நிமிடத்தை எப்படிச் செலவிடுவது என்பதுதான் தன்னார்வலர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசுவதில்லை. பெரியவர் விரலை நீட்டி 'அதோ பார்' என்று காட்டக் கூடாது, குழந்தையே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்தபின் ஒரே கேள்வி: 'இப்போ அது என்ன செய்யுது?' 'இதுக்குப் பேர் என்ன?' என்று தொடங்கினால் பெயர் தெரிந்த பிள்ளை கத்திச் சொல்லிவிடும், தெரியாத பிள்ளை ஒதுங்கிவிடும், இரண்டும் அடுத்த கூண்டுக்கு ஓடிவிடும். என்ன செய்கிறது என்று கேட்டால் எல்லாப் பிள்ளைக்கும் பதில் உண்டு: காதை ஆட்டுது, மெல்லுது, மண்ணை மோந்து பார்க்குது. அதன்பிறகு அட்டையில் ஒரு சிறு கோட்டோவியம். அறிவிப்புப் பலகையைப் படிப்பது கடைசியில்தான். முதலில் படித்தால் பார்ப்பது அதோடு முடிந்துவிடுகிறது.

பெரியவர்கள் ஒரு முறையாவது முழங்காலிட்டுக் குழந்தையின் கண் மட்டத்திலிருந்து பாருங்கள். நான்கு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்றுக் கீழே இருக்கும். நமக்கு மான் தெரியும் இடத்தில் அதற்குக் குறுக்குக் கம்பி மட்டும் தெரியலாம். அப்போது தூக்கிக் கம்பிமேல் உட்கார வைப்பதுதான் வழக்கமாக நடப்பது. அதை நாம் அறவே அனுமதிப்பதில்லை. தடுப்புக் கம்பி இருப்பது ஆளுக்கும் வேலிக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்பதற்காக. பிள்ளையை அதன்மேல் வைத்தால் அந்த இடைவெளி போய்விடுகிறது. இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தாலே பெரும்பாலும் பார்வை கிடைத்துவிடும்.

மான்கள் முன்னால் கேள்விகள் குவியும். ஒரு மானுக்குக் கொம்பு இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை, மூன்றாவதன் கொம்பு வெல்வெட் சுற்றியதுபோல் இருக்கிறது, அடிபட்டுவிட்டதா என்று பிள்ளைகள் பதறுகிறார்கள். புள்ளிமானில் கடாவுக்கு மட்டும் கொம்பு. அது கிளை கிளையாக வளர்ந்து ஆண்டுக்கு ஒருமுறை விழும், மறுபடி முளைக்கும். முளைக்கும் காலத்தில் மென்மயிர்த் தோல் அதை மூடியிருக்கும். தோலுக்குள் ஓடும் இரத்தம்தான் கொம்பை வளர்க்கிறது. வெளிமானின் முறுக்குக் கொம்பு விழுவதே இல்லை. அதில் கிளையும் இல்லை. வளர்ந்த வெளிமான் கடா கரும்பழுப்பு, பெட்டையும் குட்டியும் வெளிர் பழுப்பு. இவ்வளவு தெரிந்தால் போதும், பிள்ளைகளே மந்தையைப் பிரித்து ஆண், பெண், இளசு என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். நிழலில் படுத்து வாயை அசைத்துக்கொண்டிருக்கும் மான் 'சும்மா இருக்கிற மான்' இல்லை, அசைபோடுகிறது. தொண்டை வழியே உருண்டை மேலேறி வருவது கழுத்தில் தெரியும். அதைக் காணும் வரை நிற்பது நம் உலாவில் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

பறவைகள் பக்கம் கூழைக்கடாவின் தாடைப் பையைப் பாருங்கள். வெயில் ஏறினால் அதைப் படபடவென்று அதிரவிட்டு உடல் சூட்டைத் தணிக்கும். பூங்காவுக்குச் சொந்தமில்லாத விருந்தாளிகளும் உண்டு: வக்கா, மடையான், அணில், ஓணான். 'இது ஏன் வெளியே இருக்கு, அது ஏன் உள்ளே இருக்கு?' என்பது இந்த ஆண்டு பிள்ளைகள் கேட்டதிலேயே சிறந்த கேள்வி என்பேன். காயம்பட்டு மீட்கப்பட்டவை, கூண்டிலேயே பிறந்தவை, காட்டில் பிழைக்கத் தெரியாதவை என்று காரணங்களை நேராகச் சொல்லலாம். எந்த உயிரியல் பூங்காவிலும் சில வேளை ஒரு விலங்கு ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கும். 'டான்ஸ் ஆடுது' என்று பிள்ளை சொன்னால் நாமும் சிரித்து ஆமாம் போடக் கூடாது. செய்ய வேலை இல்லாதபோது விலங்குக்கு அப்படி ஒரு பழக்கம் வரும், அதைக் குறைக்கத்தான் பராமரிப்பாளர்கள் மரக்கட்டை, தொங்கும் தீவனம், ஒளித்து வைத்த பழம் எல்லாம் தருகிறார்கள் என்று விளக்க வேண்டும். ஐந்து வயதுக்கே அது புரிகிறது.

நேரமும் பருவமும்

திறந்தவுடன் உள்ளே போவதே நல்லது. காலைத் தீவனத்தை ஒட்டி மான்களும் பறவைகளும் நடமாடும். பதினொன்றரைக்கு மேல் நரி, முள்ளம்பன்றி போன்றவை தூங்கும். அவை இரவில் திரிபவை, அப்போது தூங்குவதுதான் அவற்றின் இயல்பு. எழுப்பச் சொல்லிக் கை தட்டுவோரை நம் குழுவுக்குள் அனுமதிப்பதில்லை. கத்திரி வெயில் நாட்களில் பத்தரைக்கே உலாவை முடித்துவிடுகிறோம். வடகிழக்குப் பருவமழையில் வானிலைச் சிவப்பு எச்சரிக்கை வந்தால் தள்ளிவைப்பு, மறுபேச்சில்லை. 2016 வர்தா புயலில் இந்தக் காட்டில் விழுந்த மரங்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. காணும் பொங்கலன்று உலா கிடையாது. அன்று ஊரே பூங்காவில் இருக்கும், குழந்தையின் கையை விடாமல் பிடித்திருப்பதிலேயே நேரம் போய்விடும்.

தீனி

இந்த ஒன்றில் விட்டுக்கொடுப்பதே இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவு, உயிரியல் பூங்காவில் விலங்கைச் சீண்டுவது, தீனி போடுவது, சத்தத்தால் கலைப்பது, குப்பை போடுவது அனைத்தையும் தடை செய்கிறது. ஆனால் சட்டம் என்று சொன்னால் பாட்டிகள் 'ஒரு பிஸ்கட்தானே' என்பார்கள். காரணத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். மானின் இரைப்பை புல்லையும் தழையையும் மெல்ல மெல்ல நொதிக்க வைப்பதற்காக அமைந்தது. பிரெட், பிஸ்கட், சோறு போன்ற மாவுப் பொருள் உள்ளே போனால் அங்கே வேகமாகப் புளித்து அமிலம் பெருகும், வயிறு உப்பும், அளவு மிஞ்சினால் உயிரே போகும். பத்துக் குடும்பம் ஆளுக்கு 'ஒரு பிஸ்கட்' போட்டால் மானுக்கு அது ஒரு பாக்கெட். அதைவிடக் கொடியது பிளாஸ்டிக் கவர். உப்பு, எண்ணெய் வாசத்துக்காக மான் அதையும் விழுங்கும். இரைப்பையில் அது சுருண்டு கட்டியாகும், வெளியேற வழி கிடையாது. வயிறு நிறைந்ததாக உணர்ந்து பட்டினியில் மெலியும்.

எனவே சிற்றுண்டி எவர்சில்வர் டப்பாவில்தான்: இட்லி பொடி, எலுமிச்சைச் சாதம், வாழைப்பழம். சாப்பிடும் இடத்தில் மட்டும் திறக்கலாம். கவர் சலசலக்கும் ஓசைக்கே நாட்டுக் குரங்கு வந்துவிடும். வந்தால் ஓடாதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். குரங்குக்கு அது மிரட்டல். பையைப் பிடித்தால் விட்டுவிடுங்கள். கீறலோ கடியோ பட்டால், சிறியதாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரேபிஸ் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது.

பாம்புப் பண்ணை

1972 முதல் இங்கே இருக்கும் பாம்புப் பண்ணையை அதே நாளில் சேர்ப்பதா வேண்டாமா என்று செயற்குழுவில் இருவேறு கருத்து இருந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சேர்க்கலாம், சிறியவர்களுக்கு வேறொரு நாள் என்று முடிவானது. கண்ணாடியைத் தட்டக் கூடாது. பாம்புக்கு வெளிக்காது இல்லை, ஆனால் அதிர்வை உடலாலேயே உணரும். படம் எடுப்பவர்கள் ஃபிளாஷை அணைத்து, செல்போனைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் பிரதிபலிப்பு விழாது. முதலை வாயைப் பிளந்து அசையாமல் கிடப்பது உடல் சூட்டைச் சரிசெய்ய. பொம்மையா என்று பார்க்கக் கல் வீசுவோரைக் கண்டால் உடனே ஊழியரிடம் சொல்லுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு நச்சுப் பாம்புகளையும் நஞ்சில்லாத சாரைப்பாம்பிலிருந்து பிரித்தறிந்து வெளியே வந்தால் அந்த வருகை பலித்தது என்று கொள்ளலாம். ஏரி, காலிமனை அருகே வசிக்கும் வேளச்சேரிப் பிள்ளைகளுக்கு இது வீட்டுப்பாடத்தைவிட முக்கியம்.

பாதுகாப்பு

பெயர் எழுதிய அட்டையைச் சட்டையில் குத்துவதை நிறுத்திவிட்டோம். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை நம்பிவிடும். பெற்றோரின் கைபேசி எண்ணை முன்கையின் உட்புறம் பேனாவால் எழுதி, சட்டைக் கையால் மறைக்கிறோம். நுழைவாயிலில் அன்றைய உடையோடு ஒரு படம். காணாமல் போனால் 'நீலச் சட்டையா, பச்சையா' என்று தடுமாறத் தேவையில்லை. குழந்தைக்கு ஒரே விதி: தொலைந்தால் நின்ற இடத்திலேயே நில். பெரியவருக்கு ஒரே விதி: ஒருவர் கடைசியாகப் பார்த்த விலங்கிடம் திரும்பி நிற்க, மற்றவர் வாயிலுக்குப் போக வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். மண் படிந்த கைக்கு சானிடைசர் போதாது.

கூட்டமும் இரைச்சலும் தாங்காத பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு, வார நாளில் முதல் மணி நேரத்தில் நால்வருக்கு மிகாத தனிக்குழு அமைத்தோம். அவர்களுக்கு ஐந்து நிறுத்தம்கூட வேண்டாம், இரண்டு போதும். இதை விரிவாக்க ஆள் தேவை. முன்வருபவர்கள் துணைச் செயலாளரிடம் பெயர் தாருங்கள்.

உதிர்ந்த மான் கொம்பைக் கண்டால் எடுத்து வரக் கூடாது. அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். இறகு, கூடு, விதை எதுவாக இருந்தாலும் பூங்காவிலேயே இருக்கட்டும்.

பொதுக்குழுவின் முன் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். ஒன்று, பார்வைக் குறையுள்ள பிள்ளைகள் தொட்டு உணர, மான் குளம்பு, மயில் கால், முதலைத் தோல் செதில் ஆகியவற்றின் களிமண் அச்சுருக்கள் செய்ய நிதி ஒதுக்கீடு. இரண்டு, ஐந்து நிறுத்தக் கேள்வித்தாளைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிடுவது. தாத்தா பாட்டிகள் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும். மூன்று, 12 குழந்தைகள் என்ற வரம்பை, எவ்வளவு பேர் கேட்டாலும் உயர்த்துவதில்லை என்று துணைவிதியிலேயே சேர்ப்பது. காத்திருப்போர் அதிகமானால் இன்னொரு நாள் வைப்போம், குழுவைப் பெருக்க வேண்டாம்.

இந்த மூன்றையும் விவாதித்து நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்