பழைய பிக்-அப்பில் ஏசி: கேஸ் அடிப்பது கடைசி வேலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய பிக்-அப் வண்டிகளைப் புதுப்பிப்பது பற்றி எழுதுகிறவர்கள் இன்ஜின், பெயின்ட், சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் தாராளமாக இடம் ஒதுக்குகிறார்கள். ஏசி என்று வந்ததும் ‘கேஸ் அடித்துக்கொள்ளலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். புதிதாகப் போட்ட கம்ப்ரசர் (கேஸை அழுத்திச் சுற்றவிடும் பம்ப்) ஒரே கோடையில் இறுகி நின்றுபோவதற்கு அந்த ஒற்றை வரி பெரிய காரணம். ஏசியைக் குளிரவைக்கும் கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கைத் தேடாமல் கேஸ் அடிக்கிறவர் அதை மெதுவாகக் காற்றில் விடுகிறார், அவ்வளவுதான்.

முதலில் வண்டியில் எந்த கேஸ் இருந்தது என்று பார்க்க வேண்டும். ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்த பிறகு, 1990-களின் முதல் பாதியில் வாகனத் தயாரிப்பாளர்கள் ஆர்-12 கேஸிலிருந்து ஆர்-134ஏ-வுக்கு மாறினார்கள். அதற்கு முந்தைய பிக்-அப் என்றால் அது ஆர்-12 வண்டி. கேஸ் ஏற்றும் வாயான சர்வீஸ் போர்ட்டைப் பார்த்தாலே தெரியும்: மரையிட்டுத் திருகும் போர்ட் பழையது, அழுத்தினால் ‘டக்’ என்று மாட்டிக்கொள்வது, லோ சைடில் (அழுத்தம் குறைந்த பக்கம்) 13 மி.மீ., ஹை சைடில் (அழுத்தம் கூடிய பக்கம்) 16 மி.மீ. என்று இருப்பது, ஆர்-134ஏ. கேஜை மாட்டி அழுத்தம் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 30 டிகிரி வெப்பத்தில் இரண்டுக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றுதான். உள்ளே மிச்சம் கேஸ் இருந்தால் நட்டைத் தளர்த்தி வெளியே ஊதிவிடக் கூடாது. பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். ரெக்கவரி மெஷினில் இழுத்து சிலிண்டரில் சேர்க்க வேண்டும்.

கேஸை மாற்றினால் ஆயிலையும் மாற்றியாக வேண்டும். ஆர்-12 வண்டியில் இருப்பது மினரல் ஆயில். அது ஆர்-134ஏ-வோடு கலக்காது. கலக்காத ஆயில், கேபினுக்குக் குளிர் தரும் கூலிங் காயிலிலும் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சரிலும் அடியில் தங்கிவிடும், கம்ப்ரசருக்குத் திரும்பி வராது. எண்ணெய் இல்லாமல் ஓடும் கம்ப்ரசர் எத்தனை நாள் தாங்கும்? மாற்று ஆயில்கள் இரண்டு: பிஏஜி, எஸ்டர். பழைய கேஸின் குளோரின் எச்சம் பிஏஜி ஆயிலைக் கெடுக்கும். பழைய கம்ப்ரசரையே வைத்துக்கொண்டு மாற்றும் வண்டிக்கு எஸ்டர் ஆயில்தான் பாதுகாப்பு என்பது என் கருத்து. புது கம்ப்ரசர் போட்டால் அதன் தயாரிப்பாளர் சொல்கிற ஆயில், சொல்கிற கெட்டித்தன்மை; இதில் சொந்த யோசனை வேண்டாம். இரண்டு ஆயிலுமே காற்றின் ஈரத்தை உறிஞ்சும், பிஏஜி இன்னும் வேகமாக. டப்பாவைத் திறந்தால் வேலை முடிந்த கையோடு இறுக மூடுங்கள். போன வருடம் திறந்த டப்பாவைத் தூக்கி எறியுங்கள்.

புதுப்பிக்கும் வண்டிக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பாடி ஒரு பக்கம், சேசிஸ் ஒரு பக்கம் என்று மாதக்கணக்கில் பிரித்துப்போட்டிருப்பார்கள். ஏசி குழாய்கள் வாயைத் திறந்தபடி கிடக்கும். மணலும் பெயின்ட் தூசியும் ஈரமும் அவற்றுக்குள் போகும். அதனால் கழற்றிய அன்றே எல்லா வாயையும் பிளாஸ்டிக் மூடியால் அடைக்க வேண்டும். மாட்டும் முன் கூலிங் காயிலையும் குழாய்களையும் ஏசிக்கென்று விற்கும் ஃபிளஷ் திரவத்தால் கழுவி, உலர்ந்த நைட்ரஜனால் ஊதி உலர்த்த வேண்டும். கம்ப்ரசர், டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் பாட்டில்), எக்ஸ்பான்ஷன் வால்வு (திரவ கேஸைக் குறுகிய துளை வழியே கூலிங் காயிலுக்குள் விடுவது) மூன்றையும் ஃபிளஷ் செய்யக் கூடாது. பழைய கம்ப்ரசர் உள்ளே தேய்ந்து உலோகத் தூளைக் கக்கியிருந்தால், மெல்லிய துளைகள் கொண்ட பேரலல் ஃபுளோ கண்டென்சரைக் கழுவிப் பயனில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும்.

டிரையர் பாட்டில் எப்போதும் புதிது. பழைய ஆர்-12 டிரையரின் ஈரம் உறிஞ்சும் மணிகள் புது கேஸுக்கும் ஆயிலுக்கும் ஒத்துவராது. எக்ஸ்எச்-7 அல்லது எக்ஸ்எச்-9 வகை மணி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். மூடியை முன்கூட்டியே கழற்றி வைத்தால் அறையின் ஈரத்தைக் குடித்தே அது நிறைந்துவிடும். ஆகவே எல்லாக் குழாயும் மாட்டிய பிறகு, வேக்யூம் பம்ப் தயாராக நிற்கும்போது மாட்டுவதே முறை. இணைப்புகளில் உள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) எல்லாமே பச்சை நிற ஹெச்என்பிஆர் ரப்பர் வகையாக மாறட்டும் (நிறத்தை மட்டும் நம்பாமல் பாக்கெட்டில் உள்ள வகையையும் படியுங்கள்). மாட்டும்போது ஏசி ஆயிலில் தோய்த்து மாட்டுங்கள், கிரீஸ் வேண்டாம். அலுமினிய நட்டை இறுக்கும்போது இரண்டு ஸ்பேனர் பிடிக்காவிட்டால் குழாயே முறுகிவிடும். பழைய ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியே ஆர்-134ஏ கசியும். முழு வண்டியையும் பிரித்துச் செய்கிறவர் உள்ளே நைலான் அடுக்குள்ள பேரியர் ஹோஸ் போட்டுவிடுவதே நல்லது. பிறகு ஃபெண்டரையும் கிரில்லையும் மறுபடி கழற்ற யாருக்கும் மனம் வராது.

ஆயில் அளவை ஊகத்தில் ஊற்றக் கூடாது. மொத்த அளவு வண்டியின் சர்வீஸ் புத்தகத்திலோ கம்ப்ரசர் பெட்டியிலோ இருக்கும். எல்லாப் பாகமும் கழுவி உலர்ந்திருந்தால் அந்த மொத்தத்தைப் பிரித்து ஊற்றலாம்: டிரையரில் 30 மி.லி., கண்டென்சரில் 30 மி.லி., கூலிங் காயிலில் 60 மி.லி. என்பது பொதுவான கணக்கு, மீதி கம்ப்ரசரில். புது கம்ப்ரசருக்குள் கம்பெனியே ஊற்றி அனுப்பிய ஆயில் இருக்கலாம். அதை வடித்து அளந்து பாருங்கள். ஆயில் கூடினால் குளிர் குறையும், குறைந்தால் கம்ப்ரசர் போகும். மாட்டியதும் கம்ப்ரசரின் முன்தட்டைக் கையால் பத்துச் சுற்று சுற்றிவிட்டால் சிலிண்டரில் தேங்கிய ஆயில் வெளியேறும். அதைச் செய்யாமல் இன்ஜினைப் போட்டால் வால்வு தகடு உடையலாம்.

அடுத்து லீக் டெஸ்ட். ரெகுலேட்டர் வைத்து நைட்ரஜனை 150 பி.எஸ்.ஐ. வரை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். டயருக்கு அடிக்கும் காற்று ஈரத்தைக் கொண்டுவரும். ஆக்சிஜன் சிலிண்டரை அருகில்கூடக் கொண்டுவராதீர்கள், எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். இரவு முழுக்க விட்டுப் பார்க்கிறவர்கள் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும்: 40 டிகிரியில் 150 காட்டிய கேஜ், 30 டிகிரிக்கு இறங்கினால் லீக் இல்லாமலேயே 145 காட்டும். அதிகம் கசியும் இடங்கள் கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீலும் சர்வீஸ் போர்ட்டின் வால்வு பின்னும். வருடக்கணக்கில் ஓடாத வண்டியில் சீல் உலர்ந்து போயிருக்கும். கம்ப்ரசரை பெல்ட்டோடு இணைக்கும் கிளட்சைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். லீக்கை அடைக்கும் மருந்து என்று டப்பாவில் விற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது ஈரம் பட்டால் இறுகும். லீக்கோடு எக்ஸ்பான்ஷன் வால்வையும், அடுத்து மாட்டுகிறவரின் ரெக்கவரி மெஷினையும் அடைக்கும்.

வேக்யூம் எடுப்பது காற்றை வெளியேற்ற மட்டும் என்று பலர் நினைத்து, பத்து நிமிடத்தில் பம்பை நிறுத்துகிறார்கள். உண்மையான வேலை ஈரத்தைக் கொதிக்கவைத்து இழுப்பது. அழுத்தம் போதிய அளவு குறைந்தால் தண்ணீர் 25 டிகிரியிலேயே கொதிக்கும். ஆனால் அது நடந்து முடிய நேரம் வேண்டும்: குறைந்தது 45 நிமிடம், பல மாதம் திறந்து கிடந்த வண்டிக்கு இரண்டு மணி நேரம். மிகக் குறைந்த அழுத்தத்தை அளக்கும் மைக்ரான் கேஜ் இருந்தால் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்க வேண்டும். பிறகு வால்வை மூடிப் பம்பை நிறுத்தி அரை மணி பாருங்கள். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் இன்னும் ஈரம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வின் வாயில் பனியாக உறையும். ஏசி கால் மணி நேரம் குளிர்ந்து, நின்று, சற்று அணைத்துவைத்தால் மறுபடி குளிரும். கேஸ் போதவில்லை என்று மேலும் அடிப்பது இந்த இடத்தில்தான்.

கேஸை எடை போட்டு அடிக்க வேண்டும். வேறு வழி எதுவும் இதற்கு ஈடாகாது. நின்றிருக்கும் வண்டியில் கேஜ் காட்டும் அழுத்தம் கேஸின் அளவைச் சொல்லாது. உள்ளே சிறிது திரவம் இருக்கும்வரை, 100 கிராம் இருந்தாலும் 800 கிராம் இருந்தாலும், 30 டிகிரியில் அது 97 பி.எஸ்.ஐ. அளவில்தான் நிற்கும். வேறொன்றுக்கு இந்த எண் உதவும்: இரவெல்லாம் நின்ற வண்டியில் அதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் உள்ளே காற்று கலந்திருக்கிறது. கேஸ் ஓடுவதைப் பார்க்க வைத்திருக்கும் சைட் கிளாஸில் குமிழி போகும்வரை அடிப்பது ஆர்-12 காலத்துப் பழக்கம், ஆர்-134ஏ-வுக்கு அதை நம்ப முடியாது.

பானட் ஸ்டிக்கரில் ஆர்-12 ஒரு கிலோ என்று இருந்தால் ஆர்-134ஏ 800 முதல் 850 கிராம். ஹோஸில் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டு, இன்ஜின் ஓடாத நிலையில் ஹை சைடு வழியாகத் திரவமாகக் கொஞ்சம் விடலாம். பிறகு ஹை சைடு வால்வை இறுக மூடிவிட்டு இன்ஜினை ஓட்டி, மீதியை லோ சைடு வழியாக ஆவியாக, டப்பாவை நிமிர்த்திப் பிடித்து ஏற்ற வேண்டும். கவிழ்த்துப் பிடித்தால் திரவம் கம்ப்ரசருக்குள் போய் வால்வை உடைக்கும். இன்ஜின் ஓடும்போது ஹை சைடைத் திறந்தால் அந்த அழுத்தம் டப்பாவுக்குள் திரும்பி, டப்பா கையிலேயே வெடிக்கலாம். கண்ணாடி அணியாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

பின்னாளில் டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிட்ட ஏசி யூனிட்டுக்கு ஸ்டிக்கர் இருக்காது. அங்கே ஒரு 500 கிராமில் தொடங்கி, கதவுகளைத் திறந்து, பிளவரை உச்சத்தில் வைத்து, இன்ஜினை 1500 சுற்றில் ஓட்டி, 50 கிராம் 50 கிராமாக ஏற்றுங்கள். வெளியே 35 டிகிரி என்றால் லோ சைடு 30 முதல் 40, ஹை சைடு 210 முதல் 240 பி.எஸ்.ஐ. வரை இருந்தால் சரி. காற்று வரும் வாயில் தெர்மாமீட்டர் இறங்குவது நின்றதும் நீங்களும் நிறுத்துங்கள். ஹை சைடு மட்டும் விறுவிறுவென்று ஏறினால் கண்டென்சர் மேல் தண்ணீர் தெளியுங்கள். உடனே அழுத்தம் இறங்கினால் முதலில் ஃபேனையும் அதைச் சுற்றியுள்ள உறையான ஷ்ரவுடையும் பாருங்கள். லோ உயர்ந்து ஹை தாழ்ந்தால் கம்ப்ரசர் வால்வு தேய்ந்துவிட்டது.

எல்லாம் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால் கேஸை மறந்துவிட்டு பெயின்ட்டை நினையுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த பிராக்கெட் வழியே எர்த் சரியாகக் கிடைக்காது. கிளட்சுக்கு முழு 12 வோல்ட் போகாமல் அது வழுக்கிப் புகையும். எர்த் ஒயர் பிடிக்கும் இடத்தில் உலோகம் தெரியச் சுரண்டுங்கள். மூடாத ஹீட்டர் வால்வும், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலில் அடைக்க மறந்த ஓட்டைகளும் நல்ல ஏசியையே தோற்கடிக்கும். ஆர்-134ஏ-வின் அழுத்தம் வெயிலில் கூடுதல் என்பதால், பழைய வண்டியில் இல்லாத ஹை பிரஷர் கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். ஆர்-12-க்கு மாற்று என்று சொல்லி புரோபேன், பியூட்டேன் கலவையை அடிப்பவர்களும் உண்டு. கூலிங் காயில் லீக் ஆனால் அது நேராக கேபினுக்குள் வரும், ஒரு தீப்பொறி போதும்.

பட்டறைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலை முடிந்ததும் கேஸின் பெயர், கிராம் கணக்கு, ஆயிலின் வகை, மி.லி., தேதி ஆகியவற்றை எழுதி பானட்டுக்குள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்; பழைய ஆர்-12 ஸ்டிக்கர் மேலேயே ஒட்டினாலும் சரி. அடுத்து அந்த வண்டியில் கேஜ் மாட்டுகிறவருக்கு வேறு எங்கிருந்தும் அந்த விவரம் கிடைக்காது.

இப்படிக்கு,
வாகன ஏசி மெக்கானிக் ஒருவர்