நூற்றுக்கு மேல் எவ்வளவு?

வென்ட்வொர்த்வில், சிட்னி
ஜூலை 13

அன்புள்ள முகிலனுக்கு,

அம்மா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். "டார்வின் கோப்பைக் குதிரைப் பந்தயத்துக்காக அலுவலகத்தில் எல்லோரும் இணையப் பந்தய நிறுவனங்களில் கணக்குத் தொடங்குகிறார்கள், இந்த இரண்டில் எது நல்லது?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். "வேண்டாம் என்று எழுதி முடி" என்கிறார் அப்பா. எழுதலாம். ஆனால் உனக்கு இருபத்து நான்கு வயது. நான் வேண்டாம் என்றால் அடுத்த முறை என்னைக் கேட்காமலே தொடங்குவாய். அதுவும் இல்லாமல், நீ பிறப்பதற்கு முன்னால் ஆறு வருடம் சனிக்கிழமைதோறும் டி.ஏ.பி. என்கிற பந்தயக் கடைக் கவுன்ட்டரில் உட்கார்ந்து பந்தயச் சீட்டு அடித்துக் கொடுத்தவள் நான். இந்த ஒரு விஷயத்தில் அப்பாவைவிட எனக்கு அனுபவம் அதிகம்.

முதல் படத்தைப் பார்த்தவுடன் மூடிவிட்டேன். கணக்குத் தொடங்கினால் இருநூறு டாலர் வரவேற்புப் பரிசு, பிட்காயினிலும் பணம் கட்டலாம், ஆட்டம் நடக்கும்போதே திரையைத் தட்டிப் பந்தயம் கட்டலாம், ஓரத்தில் ரூலெட் சக்கரம் வேறு. இந்த நாட்டில் உரிமம் பெற்ற எந்த நிறுவனமும் இந்த நான்கில் ஒன்றைக்கூடத் தர முடியாது. விளையாட்டுப் போட்டி தொடங்கிய பிறகு இணையத்தில் பந்தயம் கட்டக் கூடாது, தொலைபேசியில் அழைத்துத்தான் கட்ட வேண்டும். 2001ஆம் ஆண்டின் இணையச் சூதாட்டச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இணையக் காசினோவுக்கும் அதே சட்டத்தில்தான் தடை. கணக்குத் தொடங்க ஆசை காட்டும் பரிசுகள் 2019இல் போயின. கிரெடிட் கார்டும் கிரிப்டோவும் 2024 ஜூனில் போயின. சட்டம் தடுத்ததையெல்லாம் ஒருவன் தட்டில் வைத்து நீட்டினால், அவன் கடை வேறு ஏதோ ஒரு தீவில் இருக்கிறது என்று பொருள். நீ ஜெயித்து அவன் பணம் தராவிட்டால் முறையிட ஆள் கிடையாது. அக்மா என்கிற ஊடக ஆணையம் 2019 கடைசியிலிருந்து இப்படிப்பட்ட தளங்களை முடக்கி வருகிறது. முடக்கினால் பெயரில் ஒரு எழுத்தை மாற்றிக்கொண்டு திரும்பி வருகின்றன. உரிமம் உள்ளவர்களின் பட்டியலையும் அக்மாவே வைத்திருக்கிறது. பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

இரண்டாவது படத்தில் உள்ள பெயர் பட்டியலில் இருக்கிறது. உரிமம் கொடுத்தது யார் தெரியுமா? உன் ஊர்தான். ஆஸ்திரேலியாவின் பெரிய இணையப் பந்தய நிறுவனங்களில் பெரும்பாலானவை டார்வினைத் தலைநகராகக் கொண்ட வடக்குப் பிரதேசத்தின் பந்தய ஆணையத்திடம் உரிமம் வாங்கியவை. 1990களில் அதே பிரதேசத்தின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் சென்டர்பெட் என்கிற பந்தய நிறுவனம் இயங்கிய காலத்திலேயே தொடங்கிய வழக்கம் அது. அங்கே வரி குறைவு. சிட்னியில் உட்கார்ந்து நான் இங்கேயே ராண்ட்விக் மைதானத்தில் நடக்கும் குதிரைப் பந்தயத்துக்குப் பத்து டாலர் கட்டினாலும், தகராறு வந்தால் என் மனு டார்வினுக்கு வர வேண்டும். நீ மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தே போய்க் கொடுத்துவிடலாம்.

உரிமம் இருப்பதால் நல்ல கடை என்று ஆகிவிடாது. காய்கறிக் கடையில் தராசு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது போல, அது முதல் சோதனை மட்டுமே. அடுத்தது விலை, அதாவது ஒரு டாலர் கட்டி ஜெயித்தால் மொத்தம் எவ்வளவு கைக்கு வரும் என்பது. இதைத்தான் உன் நண்பர்கள் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். செயலி வேகமாகத் திறக்கிறது, படம் அழகாக இருக்கிறது, நேரடி ஒளிபரப்பு உண்டு என்பார்கள். செயலி அழகாக இருப்பது உன் பணத்தை வேகமாக வாங்கிக்கொள்ளத்தான்.

சனிக்கிழமை காலை அந்த நிறுவனத்தில் எட்டுக் குதிரைகள் ஓடும் ஒரு பந்தயத்தின் விலைகளை எழுதி வைத்தேன்: 2.80, 4.20, 5.50, 8, 11, 15, 21, 26. சின்ன வயதில் சமையலறை மேசையில் உனக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? அதே கணக்குதான். நூறை ஒவ்வொரு விலையாலும் வகு. 2.80க்கு 35.7 வரும், 4.20க்கு 23.8 வரும். எட்டையும் கூட்டினால் 114.6. ஏதாவது ஒரு குதிரைதான் ஜெயிக்கும் என்பதால் நியாயமாக நூறு வர வேண்டும். நூற்றுக்கு மேல் இருக்கும் பதினான்கரைதான் கடைக்காரர் தனக்கென்று எடுத்து வைத்த பங்கு. அதே பந்தயத்தை ஓட்டம் தொடங்கும் நேரத்தில் மறுபடி பார்த்தேன், 109க்கு இறங்கியிருந்தது. காலையில் கட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் மோசமான விலைதான், ஏனென்றால் கடைக்காரருக்கே அப்போது எதுவும் உறுதியாகத் தெரியாது. தனக்குத் தெரியாததற்கும் உன்னிடமே காசு வாங்கிக்கொள்கிறார்.

டென்னிஸ், ரக்பி போல இரண்டே பக்கம் உள்ள ஆட்டத்தில் கணக்கு இன்னும் சுலபம். இரு பக்கமும் 1.90 என்றால் கூட்டுத்தொகை 105.3. இரு பக்கமும் 1.95 தருகிறவரிடம் 102.6. ஐந்து காசு வித்தியாசம்தானே என்று தோன்றும். கடைக்காரரின் பங்கு பாதியாகிவிட்டதைக் கவனி. கவுன்ட்டரில் இருந்த காலத்தில் எங்களிடம் இந்த வம்பே இல்லை. டோட் என்கிற அந்தப் பழைய முறையில் எல்லோருடைய பணமும் ஒரே தொட்டியில் விழும், டி.ஏ.பி. தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். பங்கு பெரியது, ஆனால் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். திரையில் எட்டு டாலர் காட்டும், ஓட்டம் முடிந்ததும் ஐந்தரைதான் கிடைக்கும், கிழவர்கள் என்னைத் திட்டிவிட்டுப் போவார்கள். கடைசி நிமிடத்தில் யாரோ பெரிய தொகை போட்டதற்கு நான் என்ன செய்வேன்?

இனி மல்ட்டி, அதாவது பல பந்தயங்களை ஒன்றாகக் கோத்துக் கட்டுவது; எல்லாம் ஜெயித்தால்தான் பணம். நீ அனுப்பிய படத்தின் நடுவில் பெரிதாக மின்னுவது அதுதான், அதனால் உன் கண்ணும் அங்கேதான் போயிருக்கும். 2015 மெல்பர்ன் கோப்பையின்போது வீட்டில் சீட்டுக் குலுக்கினோமே, உனக்குப் பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் வந்தது. நூற்றுக்கு ஒன்று என்று யாரும் மதிக்காத குதிரை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாய். மிஷெல் பெய்ன் அதை முதலாவதாக ஓட்டி வந்ததும், அந்தக் கோப்பையை வென்ற முதல் பெண் ஜாக்கி என்று தொலைக்காட்சியில் கத்தியதும், நீ அண்டை வீட்டுக்கு ஓடியதும் கண்ணிலேயே நிற்கின்றன. அந்த ஒரு மதியம்தான் உன்னைக் கெடுத்தது என்று அப்பா இன்றும் சொல்வார். பெரிய எண்களைக் கண்டால் உனக்குக் கை நிற்காது. சரி, எண்ணையே பார்ப்போம். 1.90 விலையுள்ள நான்கு ஆட்டங்களைக் கோத்தால் 13.03 வரும். இரு பக்கமும் சம வாய்ப்பு என்றால் நியாயமான விலை 2 டாலர்; அதை நான்கு முறை பெருக்கினால் 16. ஒற்றை ஆட்டத்தில் உன்னிடம் ஐந்து சதவீதம் எடுத்தவர் நான்கைக் கோத்ததும் பதினெட்டுக்கு மேல் எடுக்கிறார். ஒரே ஆட்டத்துக்குள் கோப்பது இதைவிட மோசம். இன்னார் கோல் அடிப்பார், அவர் அணியும் ஜெயிக்கும் என்பவை ஒன்றோடொன்று பின்னியவை; வெறுமனே பெருக்க முடியாது. விலையை அவர்களுடைய கணினி சொல்லும், சரிபார்க்க உனக்கு வழியில்லை. வகுத்துக் கூட்டிப் பார்க்க முடியாத இடத்தில் பணம் வைக்காதே.

ஏற்கனவே கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் போனஸ் பெட் என்று, பந்தயம் கட்ட மட்டுமே உதவும் ஒரு தொகையை அவ்வப்போது தருவார்கள். ஐம்பது டாலர் போனஸை 2.00 விலையில் வைத்து ஜெயித்தால் கைக்கு வருவது நூறு அல்ல, ஐம்பதுதான். வைத்த தொகை திரும்பாது.

இப்போது என் கதை. இதை உனக்குச் சொன்னதில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் நானும் ஒரு கணக்கு வைத்திருந்தேன். எந்த நிறுவனம் என்று எழுதப் போவதில்லை. ரக்பி லீக் ஆட்டங்களுக்கு மூன்று நிறுவனங்களின் விலைகளை ஒப்பிட்டு, இவர்கள் மட்டும் தவறிப்போய் உயர்த்தி வைத்திருக்கும் இடங்களில் இருபது, முப்பது என்று கட்டுவேன். பழைய பள்ளிக்கூட நோட்டில் ஒவ்வொன்றையும் எழுதினேன். ஏழு மாதத்தில் 612 டாலர் லாபம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை பாரமட்டா ஆட்டத்துக்கு ஐம்பது டாலர் தட்டினேன். "உங்களுக்கு ஏற்கப்படும் அதிகபட்சத் தொகை 4.20 டாலர்" என்று வந்தது. தொலைபேசியில் கேட்டேன். வணிக முடிவு, காரணம் சொல்ல இயலாது என்றார் ஒரு பையன், மிக மரியாதையாக. அதற்குப் பிறகு எந்த ஆட்டத்துக்கும் எனக்கு நான்கு, ஐந்து டாலர்தான்.

அதே வருடம், நீ மாமா என்று கூப்பிடும் ஒருவர், அதே நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்தவர், எங்களைக் கால்பந்துப் பார்க்க அழைத்தார். டிக்கெட் அவர்கள் கொடுத்தது. அவருக்கென்று தனி மேலாளர் ஒருவர் இருந்தார், பிறந்த நாளுக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்வார். மாமா பெருமையோடு சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 612 டாலர் ஜெயித்த என்னை நான்கு டாலரில் நிறுத்தியவர்கள் இந்த மனிதரை மேடையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்றால், அவர் எவ்வளவு தோற்றிருப்பார்? கேட்கவில்லை. பந்தயத்திலிருந்து தங்களை விலக்கிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கான பெட்ஸ்டாப் பதிவேடு 2023 ஆகஸ்டில் வந்ததும் அவருடைய மனைவிதான் அப்பாவுக்குப் போன் செய்தார். அடுத்த வாரம் நாங்கள் இருவரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஒரு முறை பெயர் பதிந்தால் உரிமம் பெற்ற எல்லா நிறுவனங்களும் கணக்கை மூடியாக வேண்டும், விளம்பரமும் அனுப்பக் கூடாது. மூன்று மாதத்திலிருந்து ஆயுள் முழுவதற்கும் பதியலாம். அவர் ஆயுள் முழுவதும் என்பதைத் தட்டினார். ஊற்றி வைத்த தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. முதல் படத்தில் இருந்தது போன்ற தளங்களுக்கு இந்தப் பதிவு ஒன்றும் செய்யாது, அதையும் தெரிந்துகொள்.

அதனால்தான் உன் நண்பர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: ஜெயித்துக்கொண்டே இருப்பவர் யாராவது அங்கே இருக்கிறாரா, அவரை எவ்வளவு வரை கட்ட விடுகிறார்கள்? பதில் வராது என்று நினைக்கிறேன். குதிரைப் பந்தயத்தில் மட்டும் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. 2014இல் நியூ சவுத் வேல்ஸ் முதலில் கொண்டுவந்த விதிப்படி, ஜெயிக்கிறவர் என்பதற்காகச் சின்னப் பந்தயங்களை மறுக்க முடியாது. குறிப்பிட்ட தொகை வரை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். விக்டோரியாவும் பின்னால் சேர்ந்தது. ரக்பியில் நான்கு டாலருக்கு மேல் வாங்காதவர்கள் ராண்ட்விக் பந்தயத்துக்கு என் ஐம்பது டாலரைப் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார்கள். அன்று நான் தோற்றேன் என்பது வேறு விஷயம்.

தொடங்குவதானால் இருபது டாலர் போடு. போட்ட பணத்தை ஒரு முறையாவது பந்தயத்தில் வைத்த பிறகுதான் பல இடங்களில் எடுக்க விடுவார்கள், விதிகளில் அதைத் தேடிப் படி. குதிரை கடைசி நேரத்தில் விலகினால் உன் விலையில் டாலருக்கு எத்தனை காசு கழிப்பார்கள், விலையைத் தவறாகப் போட்டுவிட்டோம் என்று சொல்லி ஜெயித்த பந்தயத்தை ரத்து செய்ய அவர்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்ற பகுதிகளையும் பார். பிறகு மீதியை வெளியே எடு. உள்ளே போக ஒரு நொடி, வெளியே வர நான்கு நாள் என்றால் எனக்குச் சொல். டெபாசிட் வரம்பை முதல் நாளே வை. குறைத்தால் உடனே நடக்கும், கூட்டினால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாள் உன் பக்கம் நிற்பது. மாதக் கணக்கு அறிக்கையை அவர்களே அனுப்புவார்கள். திறந்து பார்க்காமல் நீக்குகிறவர்கள்தான் அதிகம்.

நீ கேட்டதற்குப் பதில் வேண்டுமென்றால்: இரண்டாவது படத்தில் இருப்பது ஒழுங்கான கடைதான், விலை சுமார், மல்ட்டி பக்கத்தைத் திறக்காதே. இந்த நாட்டில் நல்ல புக்கி, அதாவது நல்ல பந்தயக் கடைக்காரர் என்று ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. 2023 மார்ச்சிலிருந்து விளம்பரத்தின் கடைசியில் "நீங்கள் தோற்கப்போகும் வாய்ப்பே அதிகம்" என்கிற மாதிரி ஒரு வரி சொல்ல வைத்திருக்கிறார்கள். அந்த விளம்பரத்தில் உண்மையான வரி அது ஒன்றுதான். அதை மட்டும் வேகமாகப் படித்துவிடுகிறார்கள்.

ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை விடுமுறை அல்லவா, ஃபேனி பே மைதானத்துக்குப் போ, எனக்கும் ஒரு முறை வர ஆசை. மணலில் எண்ணெய் கலந்த அந்தத் தடத்தில் குதிரை ஓடுவதை நான் நேரில் பார்த்ததில்லை. தொப்பி போட்டுக்கொள். நார்த்தங்காய் ஊறுகாய் தபாலில் வருகிறது; பொட்டலத்தை வெயிலில் விடாமல் வாங்கி வை.

கோப்பை நாள் காலை பத்து மணிக்கு எல்லாக் குதிரைகளின் விலையையும் படம் எடுத்து அனுப்பு. நீ அங்கே வகுத்துக் கூட்டு, நான் இங்கே கூட்டுகிறேன். செயலியில் இருக்கும் கால்குலேட்டர் கூடாது, பேனாவால்.

அன்புடன்,
அம்மா