'டேர்ன் அப்' வெறும் வருகையல்ல

ஆசிரியருக்கு,

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் புரட்டும் ஆங்கிலக் கையேடுகள் சிலவற்றில் 'டேர்ன் அப்' என்பதற்கு 'வருதல்' என்று மட்டும் பொருள் போட்டிருக்கிறார்கள். அதை மனனம் செய்த பிள்ளை, பாடசாலை விழா அறிக்கையில் பிரதம அதிதி 9 மணிக்கு 'டேர்ன்ட் அப்' என்று எழுதிவிடுகிறது. அதிதிக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தால் முகம் சுருங்கும்.

'அரைவ்' வந்து சேர்ந்ததை மட்டும் சொல்லும். 'டேர்ன் அப்' பெரும்பாலும் வருவாரோ மாட்டாரோ என்ற ஐயத்தையோ, சொல்லாமல் கொள்ளாமல் வந்ததையோ, பிந்தி வந்ததையோ கூடவே இழுத்து வரும். 'ஆள் வந்து நிற்கிறார்' என்று நாம் சொல்வோமே, அதற்குக் கிட்டத்தட்டச் சமம். எதிர்மறையில் இன்னும் பொருத்தம்: சிரமதானத்துக்கு ஒருவரும் தலைக்கறுப்பே காட்டாவிட்டால் 'நோபடி டேர்ன்ட் அப்'. உதயதேவி ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரிக்க 'கெட் இன்' போதும். காத்துக் களைத்தபின் ஒருவழியாக வந்தால் 'டேர்ன் அப்' பொருந்தும்.

பிழை அதிகம் விழுவது இடைச்சொல்லில். இடத்துக்கு 'அட்', நிகழ்ச்சிக்கு 'ஃபோர்' அல்லது 'அட்', ஊருக்கு 'இன்'. 'டேர்ன்ட் அப் த மீட்டிங்' என்று இடைச்சொல்லை விழுங்கக் கூடாது. இந்தப் பொருளில் இவ்வினை செயப்படுபொருள் ஏற்காது. அதனாலேயே செயப்பாட்டு வினையாகவும் மாறாது. 'வாஸ் டேர்ன்ட் அப்' என்று எழுதினால் புள்ளி போகும். 'ஹியர்', 'தெயர்' வந்தால் இடைச்சொல்லே வேண்டாம். இறந்தகால விகுதி 'டேர்ன்' உடன்தான் சேரும், 'அப்' உடன் அல்ல. வந்தவரின் நிலையை அப்படியே பின்னால் வைக்கலாம்: 'டேர்ன்ட் அப் லேட்'.

வானொலிச் சத்தத்தைக் கூட்டுவதும் 'டேர்ன் அப்'தான். அங்கே செயப்படுபொருள் உண்டு. 'இட்' வந்தால் நடுவில் நுழையும்: 'டேர்ன் இட் அப்'. தொலைந்த அடையாள அட்டை தானாக அகப்பட்டாலும் இதே வினைதான். அதனால்தான் பொருளைத் தேடிக் கலங்குபவரிடம் 'இட் வில் டேர்ன் அப்' என்பார்கள்.

பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதத்தில் இது வேண்டாம், பேச்சுவழக்குச் சொல். 'அட்டெண்ட்', 'ரிப்போர்ட்' என்று எழுதலாம்.

கேட்டல் பயிற்சியில் இன்னொரு வில்லங்கம். இரு சொல்லும் ஒட்டி 'டேர்னப்' என்று ஒலிக்கும். கிழங்கு வகையான 'டேர்னிப்' என்று பிள்ளைகள் மயங்குவதில் வியப்பில்லை. வினையில் அழுத்தம் 'அப்' மீது விழும், கிழங்கின் பெயரில் முதல் அசை மீது.

ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி