பள்ளத்தில் மறந்துபோன இரண்டாயிரம் பேர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றாலே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கண்ணில் பட்டவனையெல்லாம் சுடுவதுதான் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சம்பா நடவு முடிந்து கொஞ்சம் ஓய்வாக இருந்த ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் படிக்கும் என் மகன் ஒரு பழங்காலப் போர் விளையாட்டின் டெமோவை இறக்கி வைத்திருந்தான். "அப்பா, வரலாறு வரலாறுன்னு சொல்வீங்களே, இதைப் பாருங்க" என்று லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான்.

டெமோவில் ஒரே ஒரு போர்தான். கி.மு. 218 டிசம்பர், வட இத்தாலியில் ட்ரெபியா ஆற்றங்கரை. எதிரே ரோமானியர்கள். நாம் ஆல்ப்ஸ் மலையை யானைகளோடு தாண்டி வந்த, வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால். கருடன் வட்டமிடுகிற உயரத்திலிருந்து களத்தைப் பார்த்து ஒவ்வொரு படையையும் இங்கே போ, அங்கே நில் என்று ஏவ வேண்டும், அவ்வளவுதான். முக்கால்வாசி நேரம் காத்திருப்பதுதான் வேலை.

முதல் தடவை தோற்றேன். ஹன்னிபாலின் தம்பி மாகோ ஆயிரம் குதிரை, ஆயிரம் காலாள் என்று இரண்டாயிரம் பேரோடு ஓர் ஓடைப் பள்ளத்தில் புதருக்குள் ஒளிந்திருப்பான். ரோமானியர்கள் தாண்டிப் போனதும் பின்னாலிருந்து பாய வேண்டும். நான் முன்வரிசையில் நடந்த தள்ளுமுள்ளை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில் அவர்களைச் சுத்தமாக மறந்துவிட்டேன். என் படை சிதறி ஓடி, தோல்வி என்று திரையில் எழுத்து வந்த பிறகும் அந்த இரண்டாயிரம் பேரும், கல்யாண வீட்டில் யாரும் பந்திக்குக் கூப்பிடாத சொந்தக்காரர்கள் மாதிரி, பள்ளத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மகன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சொல்லி மாளாது.

அடுத்த தடவை ஜெயித்தேன். ஆனால் ரோமானியர்களில் நடுவில் நின்ற கூட்டம் என் வரிசையைப் பிளந்துகொண்டு போய்விட்டது. "தப்பா ஆடிட்டீங்க" என்றான் மகன். இல்லை, உண்மையிலும் அதுதான் நடந்தது. சுமார் 10,000 பேர் அப்படி உடைத்துக்கொண்டு பிளசென்சியா ஊருக்குள் போய்த் தப்பினார்கள். அங்கே டெமோவை மெச்ச வேண்டும்.

யானை விஷயத்தில்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. ஈட்டிகள் விழ விழ மிரண்டு நம் ஆட்களையே மிதிக்க ஆரம்பித்தால், பாகனே யானையைக் கொல்வதற்கு ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். இதுவும் கற்பனை இல்லை. ஹன்னிபாலின் இன்னொரு தம்பி ஹஸ்த்ரூபால் கி.மு. 207இல் மெட்டாரஸ் போருக்கு வந்தபோது பாகர்கள் கையில் உளியும் சுத்தியலும் இருந்ததை ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதி வைத்திருக்கிறார். மன்னார்குடி கோயில் யானை செங்கமலத்துக்குப் பழம் கொடுத்துப் பழகிய கை அந்தப் பொத்தானுக்குப் போகவே இல்லை.

சரி, குறை எங்கே என்றால் சேற்றில். ட்ரெபியாவில் ஹன்னிபால் சண்டை தொடங்குமுன்பே பாதி ஜெயித்துவிட்டான். விடிகாலையில் தன் படையிலிருந்த நுமீதியக் (வட ஆப்பிரிக்க) குதிரைக்காரர்களை அனுப்பிச் சீண்டிவிட்டான், ரோமானியத் தளபதி செம்ப்ரோனியஸ் தன் ஆட்களைக் காலைச் சாப்பாடுகூட இல்லாமல் மார்பளவு குளிர்ந்த தண்ணீரில் இறக்கிக் கூட்டி வந்தான், இந்தப் பக்கம் ஹன்னிபாலின் ஆட்களோ வயிறாரச் சாப்பிட்டு, நெருப்புக் காய்ந்து, உடம்பில் எண்ணெய் தடவிக்கொண்டு தயாராக நின்றார்கள். டெமோவில் இதெல்லாம் முன்னுரையில் இரண்டு வரியோடு சரி. ரோமானியர்கள் ஆற்றிலிருந்து குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறவர்கள் மாதிரி தெம்பாக ஏறி வருகிறார்கள், குதிரைகள் ஈரக் கரையில் தார் ரோட்டில் ஓடுவதைப் போல ஓடுகின்றன. வெறும் வயிற்றோடு நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் நாலு வயல் நடந்தவன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான்.

நான் இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எங்களுக்குப் பக்கத்தில்தான் கோவில்வெண்ணி. சர்க்கரை நோய் குறைய வேண்டும் என்று கரும்பேஸ்வரரைக் கும்பிட எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள், ஆனால் கரிகாலன் பெருஞ்சேரலாதனை வென்ற வெண்ணி இதுதான் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி அந்தச் சேரன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் கிடந்து, உயிர் விட்டான். கும்பகோணம் பக்கம் திருப்புறம்பியம் இருக்கிறது, பாண்டியன் வரகுணனைப் பல்லவனும் கங்கனும் சோழனும் சேர்ந்து எதிர்த்த இடம். நாளைக்கு யாராவது இந்த ஊர்ப் போர்களை விளையாட்டாக்கினால், அரண்மனையும் கிரீடமும் வரைவதற்கு முன்னால் முதலில் மாதத்தைக் கேட்கட்டும். மாசி, பங்குனியில் தரை வெடித்துக் கிடக்கும், யானை என்ன, தேரும் ஓடும். ஐப்பசியில் எங்கள் களிமண்ணில் டிராக்டரே அச்சுவரை இறங்கிவிடும், அப்புறம் அதை இழுக்க இன்னொரு டிராக்டர் வர வேண்டும்.

முழு விளையாட்டையும் வாங்கித் தரச் சொல்லி மகன் நச்சரிக்கிறான். அறுவடை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நீடாமங்கலம் வாசகர் ஒருவர்