பட்டறையில் கிடக்கும் டைனோசர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டைனோசர் எலும்புக்கூடு ஏலம் போனால் விலைதான் தலைப்புச் செய்தியாகிறது. 2020-ல் 'ஸ்டான்' என்ற டி. ரெக்ஸ் 3.18 கோடி டாலர். 2024-ல் 'அபெக்ஸ்' என்ற ஸ்டெகோசரஸ் 4.46 கோடி டாலர். ஏலத்துக்கே வராமல் தனியார் பட்டறைகளில் கிடப்பவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. அமெரிக்காவில் தனியார் நிலத்தில் கிடைக்கும் எலும்பு நிலத்துக்காரருக்கே சொந்தம். அதை வாங்கும் நிறுவனம் பாறையை நீக்கி, ஒட்டி, விற்பனைக்கு வைத்திருக்கும். அது புதிய இனமாகவே இருந்தாலும், பொது அருங்காட்சியகத்தின் பதிவு எண் இல்லாவிட்டால் பல ஆய்விதழ்கள் அதைப் பற்றிய கட்டுரையை ஏற்காது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் அதே எலும்பைப் பார்த்துச் சரிபார்க்க வழி வேண்டுமே!

மோன்டானாவில் 2006-ல் இரண்டு டைனோசர்கள் ஒன்றாகக் கிடைத்தன. 2013 ஏலத்தில் விலை போகவில்லை. 2020-ல் வடக்கு கரோலினா அருங்காட்சியகம் பெற்ற பிறகுதான் எலும்பை அறுத்து, மரத்தில் இருப்பதுபோல் வயதைக் காட்டும் வளர்ச்சி வளையங்களை எண்ண முடிந்தது. அவற்றில் ஒன்று டி. ரெக்ஸ் குட்டியல்ல, நானோடிரானஸ் என்ற தனி இனம் என்று 2025-ல் கட்டுரை வந்தது. விற்கக் காத்திருக்கும் எலும்பை யார் அறுக்க விடுவார்கள்?

கெடுதல் தோண்டும்போதே தொடங்கிவிடுகிறது. எலும்பின் மேல் ஈரக் காகிதம் ஒட்டி, அதன் மேல்தான் சாக்குத் துணியை ஜிப்சத்தில் தோய்த்து மாவுக்கட்டுப் போடவேண்டும். காகிதத்தை விட்டால் கட்டோடு எலும்பின் தோலும் உரிந்து வரும். உளுத்த எலும்பில் அசிட்டோனில் 5 சதவீதம் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற பிசின் ஊறவேண்டும். மீண்டும் அசிட்டோன் விட்டால் அது கரைந்துவிடும், பிழையைத் திருத்தலாம். அவசரத்துக்கு எபாக்சி என்ற கெட்டிப் பசையால் ஒட்டினால் பிரிக்கவே முடியாது. விடுபட்ட பகுதியை எபாக்சி மாவால் நிரப்பி அதே நிறம் பூசினால், எது எலும்பு எது மாவு என்று ஸ்கேன் செய்துதான் சொல்லவேண்டும். இரும்புச் சட்டத்துக்காக முள்ளெலும்பில் துளையிடுவது இன்னும் மோசம். சுற்றியிருந்த மண்ணைக் கொட்டிவிட்டால் அக்காலச் செடிகளைச் சொல்லும் மகரந்தமும் போயிற்று.

தருமபுரிக்காரர்களுக்கு இதை நடுகல்லை வைத்துச் சொன்னால் விளங்கும். எந்த ஏரிக்கரையில், எத்திசை நோக்கி நின்றது என்று குறிக்காமல் பெயர்த்து, எழுத்தின் மேல் எனாமல் பூசினால் மிஞ்சுவது சிற்பம் மட்டுமே, செய்தி போய்விடும்.

தனியாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அரியலூர் கல்லமேட்டில் கிடைத்து 1987-ல் பெயரிடப்பட்ட புருகத்காயோசாரஸ் உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருந்திருக்கலாம். எலும்புகள் சிதைந்துவிட்டன, கோட்டோவியங்களும் சில படங்களும்தான் மிச்சம். அளவைச் சரிபார்க்க இனி வழியில்லை.

நம் மாவட்டங்களின் பாறை 250 கோடி ஆண்டுப் பழமையானது, இங்கே டைனோசர் கிடைக்காது. ஆனால் கை இருக்கிறது. கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறைகளில் கம்ப்ரசர் உளி பிடிப்பவர்களுக்குப் புதைபடிவ வேலையின் கருவி அந்நியமல்ல. பேனா பருமனுள்ள சிறிய காற்று உளிதான். பாறைத் தூளின் நிறம் மாறும் இடத்தில் கையை நிறுத்தப் பழகவேண்டும், அவ்வளவுதான். அரியலூர் மாவட்டம் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் இவர்களுக்கு அரசு பயிற்சியும் வேலையும் தரவேண்டும்.

அடுத்த ஏலச் செய்தியில், எலும்பின் பதிவு எண் என்ன, அது கிடந்த இடத்தைக் குறித்த களவரைபடம் யாரிடம் இருக்கிறது என்ற 2 கேள்விகளையும் தங்கள் நாளிதழ் கேட்குமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
நிலவியல் ஆசிரியர்கள்,
தருமபுரி.