ஹைப்போவில் பாதி வீரியம்தான் இருக்கிறது: சரக்கை மாற்றித் தரக் கோரிக்கை

அனுப்புநர்:
பராமரிப்புக் குழு, குடியிருப்போர் நலச் சங்கம், சென்னை.

பெறுநர்:
விற்பனை மேலாளர், நீச்சல்குள ரசாயனப் பிரிவு.

பொருள்: நீச்சல்குளக் கிருமிநாசினியான சோடியம் ஹைப்போகுளோரைட் (ஹைப்போ), 35 லிட்டர் கேன் 8 – வீரியக் குறைவு.

ஐயா,

இம்மாதம் 4-ஆம் தேதி இறக்கிய கேன்களின் லேபிளில் குளோரின் 10% என்று இருக்கிறது. அன்றே சீல் உடைத்த கையோடு பார்த்ததில் 5.4%தான். எங்கள் ஷெட்டில் வைத்துக் கெட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஹைப்போ 10 மி.லி.யைத் தண்ணீர் சேர்த்து 250 மி.லி.யாக்கி, அதில் 25 மி.லி. எடுத்தோம். பொட்டாசியம் அயோடைடு 2 கிராமும் அசிட்டிக் அமிலம் 10 மி.லி.யும் சேர்த்து, 0.1 நார்மல் தயோசல்பேட்டால் (தயோ) டைட்ரேட் செய்தோம், அதாவது நிறம் மறையும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு அளந்தோம். மஞ்சள் வெளுத்த பிறகு ஸ்டார்ச் விட்டோம். நீலம் மறைந்தது 15.2 மி.லி.யில். ஒரு மி.லி. தயோவுக்கு 3.545 மி.கி. குளோரின் என்றால், லிட்டருக்கு 53.9 கிராம், அதாவது 5.4%. சொன்ன வீரியம் இருந்திருந்தால் 28 மி.லி.யைத் தாண்டியிருக்கும். எடைக் கணக்கா, லிட்டர் கணக்கா என்று லேபிளில் இல்லை. உங்களுக்குச் சாதகமான லிட்டர் கணக்கையே எடுத்திருக்கிறோம்.

உங்கள் சான்றிதழில் இருப்பது அடர்த்தி மட்டும்: 1.15. இங்கே அடர்த்திமானி (ஹைட்ரோமீட்டர்) 1.14 காட்டுகிறது. தண்ணீர் கலந்திருந்தால் 1.08 பக்கம் இறங்கியிருக்கும். ஆகவே இது கலப்படமல்ல, பழைய சரக்கு. ஹைப்போ சிதைந்தால் உப்பும் குளோரேட்டுமாகக் கேனுக்குள்ளேயே தங்கிவிடும், அடர்த்தி குறையாது. வீரியத்துக்கு அடர்த்தியைச் சான்றாகக் காட்டுவதில் அர்த்தமே இல்லை.

இரண்டு கேன்கள் உப்பியிருந்தன. அடியில் செங்கல் தூள் போல வண்டல். இரும்புக் குழாயிலோ டிரம்மிலோ பட்ட சரக்காக இருக்க வேண்டும். உலோகம் பட்டால் ஹைப்போ ஆக்சிஜனை விடும். காற்றுப்போக்கி இல்லாத மூடியென்றால் கேன் உப்பத்தான் செய்யும்.

"ரெண்டு மடங்கு ஊத்துங்க" என்றார் உங்கள் விற்பனைப் பிரதிநிதி. எங்கள் குளம் 1,50,000 லிட்டர். 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மி.கி.) ஏற்ற 300 கிராம் குளோரின் வேண்டும். லேபிளில் உள்ள 10% இருந்தால் 3 லிட்டர் ஊற்றினால் போதும். இந்தச் சரக்கில் அதே 3 லிட்டர் 162 கிராம்தான் தரும், 1 பி.பி.எம். சொச்சம். இரட்டிப்பாக ஊற்றினால் ஹைப்போவில் உள்ள காஸ்டிக் சோடாவும் (காரம்) குளோரேட்டும் கூடவே இறங்கும். அந்தக் காரத்தால் தண்ணீரின் பி.எச். 8-க்கு ஏறிவிட்டால் கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம் கால் பங்குதான் மிஞ்சும். அப்புறம் பி.எச்.சை இறக்க ஆசிட் செலவு யார் தலையில்?

சென்னை வெயிலில் ஹைப்போ நிற்காது என்பது தெரியும். வெப்பம் 10 டிகிரி கூடினால் சிதைவு மூன்று மடங்குக்கு மேல் வேகமெடுக்கும். 9% வந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

எட்டுக் கேன்களையும் எடுத்துக்கொண்டு, தயாரித்து ஒரு வாரத்துக்குள்ளான சரக்கைத் தாருங்கள்; இல்லையேல் முழுத் தொகைக்கும் கிரெடிட் நோட் போடுங்கள். லேபிளில் மாதம் மட்டும் போதாது, தேதியும் வேண்டும். பில்லுடன் அந்த பேட்சின் டைட்ரேஷன் அறிக்கையும் வரட்டும்.

இன்னொன்று: அதே டெம்போவில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கேன்களும் ஒட்டி நின்றன. இரண்டும் கசிந்து கலந்தால் குளோரின் வாயுதான். அடுத்த முறை அப்படி வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்புவோம்.

இப்படிக்கு,
பராமரிப்புக் குழு

இணைப்பு: டெலிவரி சலான் நகல், டைட்ரேஷன் குறிப்பு, உப்பிய கேன்களின் படங்கள்.