ஷீல்டு கேபிளைத் திருப்பி அனுப்பும் முன் கனெக்டரைத் திறந்து பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஷீல்டு கேபிள் என்றால், வெளியே இருந்து மின் இரைச்சல் புகாமல் இருக்க, கம்பிகளைச் சுற்றி உலோக உறை (ஷீல்டு) போட்ட கேபிள். "ஷீல்டு கேபிள்தான் போட்டோம், ஆனாலும் மோட்டார் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஓடினால் சென்சார் ரீடிங் ஆடுகிறது" என்று கேபிளைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. வந்ததைச் சோதித்தால் பெரும்பாலும் கேபிளில் குறை இருக்காது. கனெக்டரைக் கழற்றினால் விஷயம் தெரிந்துவிடும்: ஷீல்டாக இருக்கும் செம்புப் பின்னலை வால் மாதிரி முறுக்கி, ஏதோ ஒரு பின்னில் பற்றவைத்திருப்பார்கள். ஒரு காலத்தில் நாங்களும் அப்படித்தான் செய்து கொடுத்தோம், மறைக்க ஒன்றுமில்லை.

அந்த வாலை மல்டிமீட்டரில் பார்த்தால் பூஜ்யம் ஓம்தான் காட்டும். அதனால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. ஆனால் எந்தக் கம்பிக்கும் இண்டக்டன்ஸ் உண்டு, அதாவது அலைவரிசை கூடக் கூட மின்னோட்டத்தை அதிகமாகத் தடுக்கும் குணம். மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோஹென்றி. 5 சென்டிமீட்டர் வாலுக்கு 50 நானோஹென்றி ஆகிறது. 100 மெகாஹெர்ட்ஸில் அது 30 ஓமுக்கு மேல் தடுக்கும். ஷீல்டில் ஓடிவரும் இரைச்சல் அங்கே மின்னழுத்தமாகி, சிக்னலோடு உள்ளே போய்விடுகிறது. அப்புறம் எவ்வளவு விலை கொடுத்த கேபிளானாலும் பயனில்லை.

வால் வேண்டாம். பின்னலை விரித்து, கனெக்டரின் உலோகக் கூட்டைச் சுற்றிலும் தொடும்படி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பிளாஸ்டிக் கூடு இதற்கு உதவாது. கனெக்டர் உட்காரும் இடத்தில் பேனலின் பெயிண்டையும் சுரண்டிவிடுங்கள். பெயிண்ட் மேல் உட்கார்ந்த உலோகக் கூடு அந்தரத்தில் நிற்பது போலத்தான்.

ஷீல்டு ஃபாயிலா (மெல்லிய உலோகத் தாள்) பிரெய்டா (கம்பிப் பின்னல்) என்று கேட்கிறீர்கள். ஃபாயில் இடைவெளி விடாமல் மூடும், ஆனால் மெல்லிசு, மின்தடை அதிகம். பிரெய்டில் சிறு ஓட்டைகள் உண்டு, ஆனால் மின்தடை குறைவு, வளைத்தாலும் தாங்கும். டிரைவ் பக்கத்தில் ஓடும் கேபிளுக்கு இரண்டும் சேர்ந்ததையே வாங்குங்கள்.

ஷீல்டு இரைச்சலை எவ்வளவு குறைக்கிறது என்று கேட்லாகில் போட்டிருக்கும் டெசிபல் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அளந்த முறை மாறினால் எண்ணும் மாறும். டிரான்ஸ்ஃபர் இம்பீடன்ஸ் (ஷீல்டில் ஓடும் மின்னோட்டம் உள்ளே எவ்வளவு மின்னழுத்தமாக மாறுகிறது என்ற அளவு) மீட்டருக்கு எத்தனை மில்லிஓம், எந்த அலைவரிசையில் என்று கேளுங்கள். அது குறையக் குறைய நல்லது.

ஷீல்டுக்கு எர்த்தை ஒரு முனையில் கொடுப்பதா, இரு முனையிலா? உயர் அலைவரிசைத் தொல்லைக்கு இரண்டு முனையிலும். தாழ்ந்த அலைவரிசை அனலாக் சிக்னலில் 50 ஹெர்ட்ஸ் முனகல்தான் பிரச்சினை என்றால் ஒரு முனையில்.

சரி, இத்தனைக்கும் பிறகு தொல்லை நீடித்தால் கேபிளை அனுப்புங்கள். கனெக்டரை மட்டும் வெட்டி எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கேபிள் கடையினர்